சும்மா கொடுத்த புத்தகம்: ஒடுக்கப்பட்டோர் அச்சு வரலாற்றில் விலையும் இலவசமும் எதிர்காலக் கதையும்



இந்தச் சொற்பொழிவு எந்தப் பெரியவரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கிறதோ, அவருக்குத் தன் பெயரை மேடையில் சொல்லிப் புகழ்வது பிடிக்காது. உயிரோடு இருந்தபோது யாராவது ஆரம்பித்தாலே துண்டை உதறி எழுந்து போய்விடுவார். அதனால் அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் சொல்லித் தொடங்குகிறேன்.

சித்திரைத் திருவிழா நடக்கும் எட்டு நாளும் கௌமாரியம்மன் கோயிலுக்கும் முல்லையாற்றுக்கும் இடையில் கால் வைக்க இடம் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் ஒரு பக்கம், ராட்டினக் கூட்டம் ஒரு பக்கம். ஆயிரங்கண் பானை விற்கிற கடைக்கும் பலூன்காரருக்கும் நடுவில் நாலு முழ இடத்தில் சாக்கை விரித்து அவர் உட்கார்ந்திருப்பார். சாக்கின் மேல் அம்பேத்கர், பெரியார், அயோத்திதாசர் பற்றிய சிறு வெளியீடுகள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் முதல்முறை அங்கே நின்று, "எவ்வளவு தாத்தா?" என்று கேட்டேன். "காசு இல்ல" என்றார். "சும்மாவா?" என்றேன். "சும்மா ஏன் குடுக்கணும்? மொதப் பக்கத்த எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு எடுத்துட்டுப் போ" என்றார்.

வாசித்தேன். திக்கித் திக்கித்தான். அவர் தப்பைத் திருத்தவில்லை; முடிகிற வரை கேட்டார். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டிப் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். படிக்கத் தெரியாத பெண்கள் வந்தால் பெயரை அவரே எழுதிக்கொண்டு, "வீட்ல படிக்கிற பிள்ளை இருக்கா? அதுகிட்ட குடு" என்பார். ஆவணியிலோ புரட்டாசியிலோ அந்த நோட்டிலிருந்த ஊர்களுக்குச் சைக்கிளில் போவார். போன ஊரில் சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கும்.

அந்த நோட்டை இன்றைக்கு நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. நம் பக்கத்துத் தம்பி ஒருவர், முதல் தலைமுறைப் பட்டதாரி, ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அறிவியல் புனைவு. போடி மேற்கு மலைக்குக் கீழே ஓர் ஆய்வுக்கூடம். எழுபது ஆண்டு கழித்து நடக்கும் கதை. சுரங்கத்தைக் கழுவித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு பெண்தான் கதையின் நாயகி. கைப்பிரதியை எடுத்துக்கொண்டு இரண்டு பதிப்பகங்களுக்குப் போனார். ஓரிடத்தில், அறிவியல் கதை விற்காது என்றார்கள். அது வியாபாரக் கணக்கு, அதில் எனக்குக் கோபமில்லை. இன்னோர் இடத்தில், "உங்கள் பின்னணியில் இருந்து ஒரு தன்வரலாறு எழுதிக் கொடுங்கள், உடனே போடுகிறோம்" என்றார்கள். இந்த இரண்டாவது பதில்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நாம் பட்டதைச் சொன்னால் போடுவார்களாம், நினைத்ததைச் சொன்னால் போடமாட்டார்களாம். இலக்கியத்தில் நமக்கு இறந்தகாலம் மட்டும்தான் இடஒதுக்கீடு.

தம்பி கடன் வாங்கி 500 பிரதி அச்சிட்டார். 300 பிரதியைக் கல்லூரி வாசல்களிலும் கூட்டங்களிலும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். கிண்டிலில் ஏற்றி ஐந்து நாள் விலையில்லாமல் விட்டார். நம் மன்றத்திலேயே இதில் இரண்டு கட்சி. நம் பிள்ளை உழைப்பை ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. படிக்க ஆளில்லாதபோது விலை வைத்து என்ன பயன் என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893 அக்டோபரில். எந்தச் சொல்லை ஊர் வசவாகப் பயன்படுத்தியதோ அதையே தலைப்பாக்கி, நாலு பக்கத்தில் ஒரு தாள். சென்னையில் இரண்டு நாளில் சுமார் 400 பிரதி விற்றதை 1939இல் வந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே குறித்திருக்கிறார். 400 என்பது சின்ன எண்தான். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள், அவர்களில் கையில் காசு உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பிரதியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட காலம் அது. விற்ற எண்ணிக்கையை வைத்து வாசகர் எண்ணிக்கையைக் கணக்கிட முடியாது.

அடுத்து வருகிறவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வார இதழ் தொடங்குகிறார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. உலகத்தில் எத்தனையோ பத்திரிகைகள் மலிவு விலையில் வந்திருக்கின்றன. விலையையே பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தவை குறைவு. அந்தக் காலத்தில் ஒரு பைசா என்றால் காலணா. நாலு காலணா ஓரணா, பதினாறணா ஒரு ரூபாய். அதாவது ஒரு ரூபாய் இருந்தால் 64 பிரதி வாங்கலாம். ஓராண்டு கழித்துத்தான் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது.

பண்டிதர் அதைச் சும்மா கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சித்த மருத்துவம் பார்த்துப் பிழைத்தவர். பெரிய பணக்காரர்கள் பின்னால் இல்லை. அந்தக் காலணா அச்சுக்கூலிக்குக் காணாது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் காலணா கேட்டார். ஏன் என்பதற்கு என் ஊகம் இது: காலணா கொடுத்தவர் சந்தாதாரர் ஆகிறார். சந்தாதாரருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. 'தமிழன்' பக்கங்களைப் புரட்டினால் வாசகர் கேள்விகளும் அதற்குப் பண்டிதர் எழுதிய விடைகளும் நிறையக் கிடைக்கும். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் அந்த வலைக்குள் இருந்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்து, இதழும் நின்று, பிறகு 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி எழுப்ப முடிந்தது என்றால், அந்த வலை அறுபடாமல் இருந்ததுதான் காரணம். தாள் செல்லரித்துப் போனாலும் முகவரி இருந்தால் இதழ் திரும்பி வரும்.

இதற்கு நேர் எதிரான ஓர் இலவசமும் அதே நகரத்தில் இருந்தது. சென்னையில் கிறித்துவத் துண்டுப்பிரசுரச் சங்கம் 1818இலேயே தொடங்கிவிட்டது. திருவிழாக் கூட்டங்களில் மிஷனரிகள் கட்டுக்கட்டாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அதை எதிர்க்க 1887இல் இந்து துண்டுப்பிரசுரச் சங்கம் என்று ஒன்று கிளம்பி அதே வழியில் திருப்பி அடித்தது. சும்மா கொடுத்த தாள் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போகிறதே என்று மிஷனரிகளே வருத்தப்பட்டிருக்கிறார்கள். பிற்பாடு சிறு விலையாவது வைத்து, புத்தகம் சுமந்து விற்கிற ஆள் மூலம் ஊர் ஊராக அனுப்புகிற வழிக்கு வந்தார்கள். நம் முன்னோரில் பலர் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தத் தாள்களில்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. பொட்டலக் காகிதமாக வந்ததையும் பிரித்துப் படித்த சாதி நாம்.

குஜிலி நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் ரயிலடியிலும் சந்தையிலும் விற்ற அந்த மட்டக் காகிதப் பாட்டுப் புத்தகங்களை முதலில் பாடிக் காட்டுவார்கள். பாட்டு சும்மா, பாட்டுப் புத்தகத்துக்குக் காசு. முதல் அத்தியாயம் இலவசம் என்று இன்றைக்கு அமேசான் செய்வதை அந்தத் தெருப் பாடகர்கள் தொண்டையால் செய்தார்கள்.

இனி பாபாசாகேப். 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. அறிமுகத்துக்கான வாசலைக் காசு கொடுத்தாலும் நமக்குத் திறக்க மாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சாகு மகாராஜா தந்த 2,500 ரூபாய்தான் அந்த இதழுக்குக் கைகொடுத்தது.

பதினாறு ஆண்டு கழித்து 1936. லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைக்கிறது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பயந்துபோய் மாநாட்டையே கைவிடுகிறது. அம்பேத்கர் என்ன செய்தார்? பேசாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். நாம் கொண்டாடுகிற 'சாதி ஒழிப்பு' பிறந்தது இப்படித்தான். அது சொந்தப் பதிப்பு. எந்தப் பெரிய நிறுவனமும் கேட்டு வாங்கிப் போட்ட நூல் அல்ல. இரண்டு மாதத்தில் முதல் பதிப்பு தீர்ந்தது. குடிஅரசுக் குழுவினர் அதைத் தமிழில் கொண்டுவந்தார்கள். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி அம்பேத்கர் குறிப்பிடுகிறார். சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவனைப் பதிப்பாளர் கிடைக்காத பாவி என்று இளக்காரமாகப் பார்க்கிற நண்பர்கள் இதை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் சிந்தனை நூல். அறிவியல் கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு மாணவர் முகத்தில் கேள்வி தெரிகிறது. சம்பந்தம் இருக்கிறது.

இந்தியாவில் அறிவியல் கதை பிறந்தபோதே அதன் கூட இலவசமும் விளம்பரமும் பிறந்தன. கல்கத்தாவில் எச். போஸ் என்கிற வணிகர் 'குந்தலின்' என்ற கூந்தல் தைலம் விற்றார். தைலத்தைப் பரப்புவதற்காகச் சிறுகதைப் போட்டி வைத்தார். கதைக்குள் எப்படியாவது குந்தலின் வந்துவிட வேண்டும், ஆனால் விளம்பரம் போலத் தெரியக் கூடாது. 1896இல் பரிசு பெற்ற கதை, கடலில் வந்த புயலை ஒரு புட்டி தைலம் அடக்கிவிடுவதைப் பற்றியது. பெயரைச் சொல்லாமல் எழுதி அனுப்பியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். வங்க மொழியின் முன்னோடி அறிவியல் கதைகளில் ஒன்று இப்படி ஒரு தைலப் புட்டிக்காக வந்தது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1905இல், பேகம் ரொக்கையா 'சுல்தானாவின் கனவு' எழுதுகிறார். பெண்கள் வெளியே ஆட்சி செய்ய, ஆண்கள் அந்தப்புரத்துக்குள் அடைந்து கிடக்கும் நாடு. சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்கிறார்கள். வங்காளத்துக்காரர் எழுதிய இந்தக் கதை முதலில் அச்சானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் இதழில். அடைத்து வைக்கப்பட்டவர்கள்தான் சுவருக்கு வெளியே இருக்கிற உலகத்தை முழுசாகக் கட்டிப் பார்ப்பார்கள். ஆள்கிறவனுக்கு இன்னோர் உலகத்தைப் பற்றி யோசிக்க என்ன அவசரம்?

அமெரிக்காவில் சட்டன் கிரிக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பாதிரியார் இருந்தார். 1899இல் அவர் எழுதிய நாவலில், டெக்சாஸ் மாநிலத்துக்குள் கறுப்பின மக்கள் இரகசியமாகத் தங்களுக்கென ஓர் அரசாங்கம் நடத்துகிறார்கள். இன்றைக்கு இதைக் கறுப்பின எதிர்காலப் புனைவின் முன்னோடி என்கிறார்கள். அன்றைக்குச் சீந்த ஆளில்லை. தன் புத்தகங்களைத் தானே சுமந்து, வீடு வீடாக, தேவாலயம் தேவாலயமாகப் போய் விற்றார். 1901இல் நாஷ்வில் நகரத்தில் சொந்தப் பதிப்பகமே தொடங்கினார். புத்தகத் தொழில் கடைசியில் அவருக்குக் கடனைத்தான் மிச்சம் வைத்தது. இதைத் தம்பிக்காகவே அழுத்திச் சொல்கிறேன். முன்னோடி என்ற பட்டம் பேரன் காலத்தில் வரும். அச்சகக்காரர் அடுத்த மாதமே வருவார்.

தமிழுக்கு வருவோம். அறிவியல் புனைவு என்றதும் எல்லாரும் சுஜாதாவைச் சொல்வார்கள். சொல்லட்டும், ஜீனோ என்கிற இயந்திர நாயை எனக்கும் பிடிக்கும். 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் வீடு வீடாகக் கை மாறிப் போனது. அதில் வருகிற எதிர்காலத்தில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர். சாதிப் பெயர் இல்லை. நல்லதுதான். ஆனால் அந்த நகரத்துச் சாக்கடைக்குள் யார் இறங்குகிறார்கள், பிணத்தை யார் எரிக்கிறார்கள் என்று சமூகவியல் படித்த என் புத்தி கேட்டுக்கொண்டே இருந்தது. பெயரைச் சுருக்கினால் சாதி போய்விடுமா?

இந்தக் கேள்விக்கு அதற்கும் நாற்பது ஆண்டு முந்தியே ஒருவர் பதில் எழுதிவிட்டார். பெரியாரின் 'இனிவரும் உலகம்'. அது கதை அல்ல, சிறு வெளியீடு. ஆனால் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாச் சாதனம் இருக்கும், தொப்பியில் வானொலி இருக்கும், தூரத்தில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பிறக்கும் என்றெல்லாம் 1940களில் எழுதினார். நம் ஆட்கள் இந்தக் கருவிகளை மட்டும் பட்டியல் போட்டு, பெரியார் செல்போனை முன்பே சொல்லிவிட்டார் என்று பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஜோசியக்காரனைப் பாராட்டுகிற புத்தி. அந்த நூலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: இழிவான வேலைகளை இயந்திரம் செய்யும், அப்போது அந்த வேலைக்கென்று ஒரு சாதியை வைத்திருக்க வேண்டிய தேவை போய்விடும் என்பதில். இன்றைக்கும் மலக்குழிக்குள் ஆள் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிற நாட்டில் அந்தப் பகுதி இன்னும் எதிர்காலக் கதைதான். இந்த நூலை நான் முதலில் பார்த்ததும் அந்தச் சாக்கின் மேல்தான்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். 'சும்மா' என்கிற சொல் நம் காதில் விழுவதும் மற்றவர் காதில் விழுவதும் ஒன்றல்ல. 'வெட்டி' என்கிற சொல்லைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். கூலி இல்லாமல் வாங்கப்படும் கட்டாய உழைப்பு என்று பொருள். வெட்டியான், வெட்டி வேலை, வெட்டிப்பயல் என்று அந்தச் சொல் இன்றுவரை நம்மேல்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. உழைப்பைப் பிடுங்கியவன் கௌரவமானவன். கூலியில்லாமல் உழைத்தவன் வெட்டிப்பயல். சாவு சொல்லப் போவதும், பறை அடிப்பதும், குழி வெட்டுவதும், திருவிழாவுக்குப் பந்தக்கால் நடுவதும் 'ஊர் வழக்கம்' என்ற பெயரில் சும்மா வாங்கப்பட்டன. கொடுத்தால் களத்தில் சிந்திய நெல். இனி அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்களில் என்ன நடந்தது என்பதை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக, நம் பிள்ளை மூன்று ஆண்டு ராத்திரி கண்விழித்து எழுதியதைச் சும்மா கொடுக்கிறான் என்றதும் மன்றத்தின் மூத்தவர் ஒருவருக்குக் கோபம் வந்ததே, அது கணக்குப் பார்த்து வந்த கோபம் இல்லை. "எங்கப்பன் சும்மா அடிச்சான், நான் சும்மா வெட்டுனேன், நீ சும்மா எழுதுறியா?" என்று கேட்டார். அன்றைக்கு யாரும் பதில் பேசவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலவசம் என்றாலே மூக்கைச் சுளிக்கிறவர்கள் உண்டு. தொலைக்காட்சி, மிக்சி, ஆடு என்று அரசு கொடுத்தபோதெல்லாம் மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று எழுதிய பத்திரிகைகள், தலைமுறை தலைமுறையாக நம் உழைப்பை இலவசமாக வாங்கியவர்களைச் சோம்பேறி என்று எழுதியதில்லை. 2011இல் வந்த அரசு 'இலவசம்' என்ற சொல்லையே மாற்றி 'விலையில்லா' என்று அச்சடித்தது. கேலி செய்தோம், எனக்கு இப்போது அந்தச் சொல்மாற்றத்தில் ஏதோ இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த விலையில்லா மடிக்கணினியில்தான் நம் தம்பி இந்த நாவலைத் தட்டச்சு செய்தார். வரியாகக் கொடுத்தது திரும்பி வந்தால் அது பிச்சை அல்ல. விருப்பப்பட்டுக் கொடுப்பது வெட்டி அல்ல. கொடுக்கிறவன் மறுக்கவும் முடியுமா என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு.

அந்தக் கோட்டை வைத்து இன்றைய நிலையைப் பார்ப்போம். அறிவியல் புனைவுக்காரர்கள்தான் இணையத்தில் சும்மா கொடுப்பதை முதலில் துணிந்து செய்தவர்கள். கனடாவில் பிறந்த கோரி டாக்டரோவ் 2003 ஜனவரியில் தம் முதல் நாவல் கடைக்கு வந்த அன்றே அதன் முழுப் பாடத்தையும் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் இணையத்தில் விட்டார். அந்த உரிமத்தில் வந்த முதல் நாவல் அது. யாருமே கேள்விப்படாமல் போவதுதான் எழுத்தாளனுக்கு ஆபத்து, திருட்டு அல்ல என்பது அவர் கட்சி. ஆண்டி வியர் என்ற கணினி நிரலாளர் செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையைத் தம் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். கிண்டிலில் படிக்க வசதியாக இருக்குமே என்று வாசகர்கள் கேட்டதால் அங்கே ஏற்றினார். பூச்சிய விலை வைக்க வழியில்லாமல் குறைந்தபட்ச விலையான 99 சென்ட் வைத்தார். சும்மா கிடைத்த இடத்தில் இறக்கியவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம். 2015இல் அது ஹாலிவுட் படமாகவே வந்தது.

இந்தக் கதையைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. வியருக்கு நிரந்தர வேலை இருந்தது. டாக்டரோவுக்குப் பின்னால் பெரிய பதிப்பகம் அச்சுப் பிரதி விற்றது. அவர்கள் சும்மா கொடுத்தது சோற்றுக்கு மேலே உள்ளதை.

கிண்டிலில் தமிழ் நூல்களை எழுதியவரே ஏற்றலாம் என்ற வாய்ப்பு 2016 கடைசியில் வந்தது. அதில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்க வேண்டுமானால் ஒரு திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. தம்பி இதைப் படிக்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார். சக தோழருக்குக் கோப்பை அனுப்பலாமா என்று பிறகு என்னைக் கேட்டபோதுதான் இருவரும் சேர்ந்து விதியைப் படித்தோம். தன் புத்தகத்தைத் தன் சேரிக்குக் கொடுக்கக்கூடச் சியாட்டிலில் இருக்கிற கம்பெனியிடம் கேட்க வேண்டும். ஐந்து நாளில் யார் இறக்கிக்கொண்டார்கள் என்று எழுதியவருக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும். பெயரும் ஊரும் கம்பெனியின் நோட்டில் இருக்கின்றன.

எனக்கு இந்த ஏற்பாட்டில் உள்ள ஒரே எதிர்ப்பு இதுதான். விலை பூச்சியம் என்பது அல்ல. நோட்டு நம் கையில் இல்லை என்பது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பில் இலவசமாகத் தருகிறது. 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், எழுதியவர்கள் விரும்பிப் பொதும உரிமத்தில் தருவதை எல்லாக் கருவிகளுக்கும் ஏற்றபடி மாற்றித் தருகிறது. பகிர யாரையும் கேட்க வேண்டாம். அச்சு விற்பனையும் அதனால் கெடாது. பாபாசாகேப்பின் தொகுதிகளை மராட்டிய அரசு 1979 முதல் மலிவு விலையில் வெளியிட்டது. பிறகு இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தது. அதனால் அச்சுத் தொகுதி வாங்குவது நின்றுவிட்டதா? நாக்பூர் தீட்சா பூமியில் புத்தகக் கடைகளைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

தனி ஆளாகச் சுமக்காமல் சேர்ந்து செய்வதும் நடக்கிறது. 2024இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தோடு ஒரு பொறாமையும் வந்தது. இது தமிழில் முதலில் வந்திருக்க வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதைப் போட்டது வணிகப் பதிப்பகம் அல்ல, மதுரையிலிருந்த ஒரு சமூக ஆய்வு மையம். அன்றைக்குத் தன்வரலாறுதான் யாரும் போடாத வகை. முப்பது ஆண்டில் அது எல்லாரும் கேட்டு வாங்குகிற வகையாகிவிட்டது. இன்றைக்குப் போட ஆளில்லாதது நம் எதிர்காலம்.

அந்த எதிர்காலம் நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பு வைத்து நியூட்ரினோவைப் பிடிக்கப் போகிறோம் என்று 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தபோது, ஆதரவாகவும் எதிராகவும் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் துண்டறிக்கை பறந்தது. இரண்டு பக்கத் துண்டறிக்கையும் என்னிடம் இருக்கிறது. விஞ்ஞானம் வந்தது, சூழலியல் வந்தது, விவசாயம் வந்தது. அந்த மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற, கல் உடைக்கிற, வந்தால் அந்தச் சுரங்கத்தைக் கழுவப் போகிற மக்கள் அந்தத் துண்டறிக்கைகளில் வரவே இல்லை. ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் எல்லார் உடம்பையும் ஊடுருவிப் போகின்றன. அவை தெரு பார்த்து விலகுவதில்லை. தம்பியின் நாவல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாவலில் எனக்குக் குறைகளும் தெரிகின்றன. நடுவில் நூறு பக்கம் இயந்திர விளக்கம், அதை வெட்டலாம் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அளவுமானியைப் பார்க்கிற இடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மூத்தவரின் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். 300 பிரதியைக் கல்லூரி வாசலில் நீட்டியது தப்பில்லை. யாரிடம் போனது என்று குறித்துக்கொள்ளாததுதான் தப்பு. அவற்றில் எத்தனை படிக்கப்பட்டன, எத்தனை தேநீர்க் கடையில் வடை மடிக்கப் போயின என்று இப்போது சொல்ல யாருமில்லை.

மீதி 200இல் 60 பிரதியை மன்றம் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. அச்சகக் கடனில் ஒரு பகுதி அடைந்தது. அந்த 60ம் வாசலில் மேசைமேல் இருக்கின்றன, மாணவர்களுக்கு விலையில்லை. எடுக்கிறவர்கள் முதல் பக்கத்தை மேசையருகே நிற்கும் தம்பியிடம் வாசித்துக் காட்டிவிட்டு எடுத்துப் போங்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பெரியவரின் நோட்டு ஒன்றை அவர் மகள் கொடுத்திருக்கிறார்கள். அதில் பதினோரு பக்கம் எழுதாமல் இருக்கிறது. பெயரும் ஊரும் அதிலேயே எழுதுங்கள்.